கஞ்சிக்குத் தூக்கு கொண்டு வாருங்கள்

(ரமலானுக்கு முன்பு நம் டிரஸ்ட் நடத்திய மஹல்லா குடும்பங்கள் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



முத்தவல்லி அவர்களே, ஹஜ்ரத் அவர்களே, டிரஸ்ட் உறுப்பினர்களே, மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே!

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் எழுந்தால் கணக்கு வாசிப்பேன். கல்வி உதவி எத்தனை பேருக்கு, மருத்துவ உதவி எவ்வளவு, ஜகாத் நிதியில் எவ்வளவு மீதம் என்று. இந்த முறை பொருளாளர் அதை முடித்துவிட்டார். எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். குப்பையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. சொல்லி முடித்த பிறகும் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

போன ரமலானில், இருபது நோன்பு கடந்திருக்கும். ஃபஜ்ர் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நம் தெருமுனைத் தொட்டியருகே தூய்மைப் பணி செய்யும் அம்மா என்னை நிறுத்தினார். "பாய், நோன்பு இன்னும் எத்தனை நாளு இருக்கு?" என்று கேட்டார். பெருநாளைக்கு ஏதோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது நாள் இருக்கிறது, பெருநாள் அன்று ஆபீசுக்கு வந்து என்னைப் பாருங்கள் என்றேன்.

"அதுக்கில்ல பாய். இந்த மாசம் பூரா தொட்டியில கஞ்சிக் கவருதான். உள்ள மிச்சம் இருக்கறது வெயில்ல புளிச்சு நாறுது. கையில எடுத்தா வழுக்குது, பிரிச்சுப் போடவும் முடியல. மாடு வந்து கவரோட தின்னுட்டுப் போவுது. அதான் எப்ப முடியும்னு கேட்டேன்" என்றார்.

அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை. பல வருடமாக என்னைத் தெரிந்தவர் என்ற உரிமையில் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நம்முடைய புனிதமான மாதம் எப்போது முடியும் என்று ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார், அதற்குக் காரணம் நாம் கொடுக்கும் கஞ்சி. இது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அன்று ஆபீசுக்குப் போய் ரமலான் செலவுக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அரிசி அரசாங்கம் கொடுத்தது. கறியும் காய்கறியும் நம் ஜமாஅத்தார் பொறுப்பேற்றது. சமையல்காரர் சம்பளம், கேஸ் சிலிண்டர், பருப்பு, வெந்தயம், தேங்காய், இஞ்சி பூண்டு. இவற்றுக்கு நடுவே வாரம் ஒரு பில்: கவர், ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றிலும் கையெழுத்து என்னுடையது.

இது எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாம் சிறுவர்களாக இருந்தபோது அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் பின்வாசலில் தூக்கு வாளியோடு வரிசை. எவர்சில்வர் தூக்கு, அலுமினியத் தூக்கு, மூடி தொலைந்துபோன தூக்கு, சிலர் குழம்புச் சட்டியே கொண்டு வருவார்கள். சுடச்சுடக் கஞ்சியை வாங்கித் தூக்கின் பிடியை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். 2020ஆம் வருடம் ரமலானில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. கஞ்சி இல்லை, அரிசியை வீடுகளுக்கே கொடுத்தோம். அடுத்த வருடம் கூட்டம் சேரக்கூடாது, பாத்திரங்கள் கை மாறக்கூடாது என்ற பயம். கஞ்சியை முன்கூட்டியே கவரில் ஊற்றிக் கட்டி வைத்து, வருகிறவர் கையில் கொடுத்து அனுப்பினோம். அன்றைக்கு அது சரியான முடிவுதான். பிறகு பயம் போய்விட்டது, கவர் போகவில்லை. வரிசை சீக்கிரம் நகர்கிறது, பிள்ளைகள் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. வசதி பழகிவிட்டால் அதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் அது அமலில் இல்லை என்றே நினைக்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. எந்த அளவானாலும் எந்தத் தடிமனானாலும் கேரி பேக் அதில் அடக்கம். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, பிளாஸ்டிக் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் உண்டு. பலருக்கும் தெரியாத ஒன்று, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மத்திய அரசும் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன் போன்றவற்றை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது.

ஆக, அரசாங்கம் கொடுத்த அரிசியை அரசாங்கம் தடை செய்த கவரில் கட்டி நாம் விநியோகித்துக்கொண்டிருக்கிறோம். அதிகாரி வந்து அபராதம் போட்டால் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது.

கஞ்சி ஒரு மாத விஷயம். பிரியாணி வருடம் முழுவதும். போன வாரம் வீட்டுக்கு வந்த ஒரே ஒரு பிரியாணிப் பார்சலைப் பிரித்து என் பேத்தியை எண்ணச் சொன்னேன். கறுப்பு டப்பா ஒன்று, அதன் மூடி ஒன்று, தால்சா கவர், வெங்காயப் பச்சடி கவர், கத்தரிக்காய் கவர், அவற்றைக் கட்டிய ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் ஸ்பூன், டிஷ்யூ, எல்லாவற்றையும் போட்டு வந்த பை. சாப்பிட்டு முடிக்கப் பதினைந்து நிமிடம். அதில் முட்டை வேறு தனியாகச் சிறு கவரில் வந்தது, அதை அவள் எண்ண மறந்துவிட்டாள். பக்கெட் பிரியாணி வாங்குகிறவர்கள் வீட்டில் அந்த பக்கெட்டைக் கழுவி வைத்துக்கொள்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை பக்கெட் வேண்டும்? எங்கள் வீட்டுப் பரணில் ஏழு இருக்கிறது.

இவை எங்கே போகின்றன? சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. பல பத்தாண்டுகளாக அது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போனது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்தது. கொடுங்கையூரைச் சுற்றி இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் கூலி வேலை செய்கிற குடும்பங்கள். அவர்களில் நம் ஆட்களும் உண்டு. குப்பைமேடு எரியும்போது அந்தப் புகை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் இருமுகிறார்கள்.

காயலான் கடைக்குப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். (அந்தப் பெயரே நம் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று சொல்வார்கள்.) கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டை, இரும்பு எடுப்பாராம். எண்ணெய் ஊறிய டப்பா, தால்சா கவர் வேண்டாமாம். கழுவினால் அவருக்குக் கூலி கட்டாது, கழுவாவிட்டால் எறும்பும் எலியும் வரும். எனவே மறுசுழற்சி என்று நாம் மனதைத் தேற்றிக்கொள்வது சாப்பாட்டுப் பார்சலுக்குப் பொருந்தாது.

பிளாஸ்டிக்கை விட்டுப் பேப்பருக்குப் போய்விடலாமே என்றும் நம் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பேப்பர் கப்பில் 100 மில்லி சூடான பானத்தை 15 நிமிடம் வைத்தால், உள்பக்கப் பூச்சிலிருந்து ஏறக்குறைய 25,000 நுண்துகள்கள் அதில் கலக்கின்றன என்றார்கள். அது டீக்கான கணக்கு. நம் கஞ்சி டீயைவிடச் சூடு குறைந்ததல்ல, கவரில் இருக்கும் நேரமும் அதிகம். அஸரில் வாங்கியது மஃரிப் வரை அதிலேயே கிடக்கிறது. நோன்பு திறக்க முதல் வாய் அதைத்தான் குடிக்கிறோம். வாழை இலை, மந்தாரை இலை, தொன்னை எல்லாம் நல்லவை. முடிந்த இடத்தில் அவற்றைப் பயன்படுத்துவோம். ஆனால் தொன்னையில் கஞ்சியை வாங்கிக்கொண்டு இரண்டு தெரு நடக்க முடியாது.

ஆகவே நான் சொல்ல வருவது, தூக்கியெறியும் பொருளை மாற்றுவதைவிட, தூக்கியெறிவதையே குறைக்க வேண்டும். அதாவது பாத்திரம் திரும்பி வர வேண்டும். புதிய விஷயம்போலத் தெரிகிறதா? உங்கள் வீட்டு அடுப்படியில் ஏற்கெனவே நடக்கிறது. கேஸ் சிலிண்டரைக் காலி செய்துவிட்டு யாராவது குப்பையில் போடுகிறீர்களா? காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பியது வரும். இருபது லிட்டர் தண்ணீர் கேனும் அப்படித்தான். முதலில் ஒரு முன்பணம், பிறகு கேனுக்குக் கேன். எங்கள் காலத்தில் கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகிறவர் பணம் கட்ட வேண்டும். படிக்காதவரும் குழப்பமில்லாமல் நடத்திய ஏற்பாடு.

இந்த ஏற்பாடுகள் ஏன் ஓடுகின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், எனவே யாருடையது என்ற சண்டை இல்லை. முன்பணம் இருப்பதால் கவனம் இருக்கிறது. எடுத்துப்போகக் கொண்டுவர ஓர் ஆள் இருக்கிறார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முழுதும் நின்றுவிடும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. நூறு பாத்திரம் கொடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் பத்து திரும்பவில்லை என்று வையுங்கள். அப்படியானால் ஒரு பாத்திரம் சராசரியாகப் பத்து முறைதான் பயன்படும். இரண்டு மட்டும் திரும்பவில்லை என்றால் ஐம்பது முறை. பாதி திரும்பவில்லை என்றால் இரண்டே முறை, அதற்குக் கவரே மேல். ஏனென்றால் எவர்சில்வர் செய்ய இரும்பைத் தோண்டி, உருக்கி, அடித்து, எவ்வளவோ எரிபொருள் செலவாகிறது. இரண்டு முறை பயன்படுத்திவிட்டுப் பரணில் போட்டால் அது கவரைவிடப் பெரிய விரயம். எனவே "நாங்கள் எவர்சில்வர் வாங்கிவிட்டோம்" என்று போட்டோ எடுத்துப் போடுவதில் ஒன்றுமில்லை. எத்தனை திரும்பி வருகிறது என்பதை எண்ண வேண்டும்.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் படித்தேன். ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். பார்சலைப் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற உணவகம், திரும்பத் தரக்கூடிய பாத்திரத்திலும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அதற்குக் கூடுதல் விலை வாங்கக்கூடாது, முன்பணம் மட்டும் வாங்கலாம். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத, 80 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் அதில் நிரப்பிக் கொடுக்க மறுக்க முடியாது. கேட்க அருமையாக இருக்கிறது. நடந்தது என்ன? மிகச் சிலரே பாத்திரம் கேட்டார்கள். கேட்டால்தான் தருவார்கள், கேட்காதவருக்குப் பழைய டப்பாதான், அதுவும் இலவசம். மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

அதே நாட்டில் தூபிங்கன் என்ற பல்கலைக்கழக ஊர் வேறு வழியில் போனது. 2022 ஜனவரி முதல் ஒருமுறை டப்பாவுக்கும் கப்புக்கும் 50 சென்ட், ஸ்பூன் முள்கரண்டிக்கு 20 சென்ட் வரி போட்டார்கள். ஒரு பர்கர் கடையை நடத்தியவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் நகரம் தோற்றது, மேலே வென்றது. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. கான்ஸ்டன்ஸ் என்ற இன்னொரு ஊரும் அதே மாதம் வரியைக் கொண்டுவந்தது. தூபிங்கனில் திரும்பத் தரும் பாத்திரம் வைத்திருக்கும் கடைகள் பெருகின. தெருத் தொட்டிகளின் எடை அந்த அளவுக்குக் குறைந்ததா என்பதில் மட்டும் அங்கேயே விவாதம் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்தில் 2024 ஜனவரியிலிருந்து வீதிகளில் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கடையில் வாங்கிய கப்பானாலும் எந்த இயந்திரத்தில் போட்டாலும் முன்பணமான 5 குரோனர் திரும்ப வந்துவிடும். எந்தக் கடையிலும் வாங்கலாம், எங்கும் திருப்பலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். நம் தண்ணீர் கேன் முறைதான், இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்குச் சம்பந்தமில்லாத, நாம் வாசலை மிதிக்காத ஒரு கடையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், ஹஜ்ரத் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீலகிரி மலையில் டாஸ்மாக் பாட்டில்களை உடைத்துப் போடுவதால் யானைகளின் காலில் கண்ணாடி குத்துகிறது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். குடித்துவிட்டு வருகிறவரே பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து தருகிறார் என்றால், நோன்பு வைத்திருப்பவர் ஒரு தூக்கைத் திருப்பித் தர மாட்டாரா? ஒன்றையும் கவனியுங்கள். அந்தக் கடை ஊழியர்கள் பாட்டில் வைக்க இடமில்லை, வேலை இரட்டிப்பாகிவிட்டது என்று முறையிட்டார்கள். அது நியாயமான குறை. வாங்கி அடுக்குகிற ஆளை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் திட்டம் அந்த ஆளின் தலையில் விழும். நம் பள்ளிவாசலில் அந்த ஆள் மோதினார் அப்பா. அவர் தலையில் இதைப் போட மாட்டோம்.

கேரளாவில் 2015இல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது தூக்கியெறியும் தட்டு, கப் இல்லாமல் நடத்தினார்கள். அந்த நடைமுறை பிறகு கல்யாணங்களுக்கும் பரவியது. பல ஊர்களில் குடும்பஸ்ரீ பெண்கள் எவர்சில்வர் தட்டு, டம்ளர்களை வாடகைக்கு விட்டுக் கழுவித் தருகிறார்கள். பெங்களூருவிலும் தட்டு வங்கி இருக்கிறது. நமக்கு இதில் யாரும் பாடம் எடுக்கவே தேவையில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பலர் சேர்ந்து ஒரு சஹன், சாப்பிட்டு முடித்தால் கழுவி அடுக்கி அடுத்த கல்யாணத்துக்கு. நம் நிக்காஹ் மண்டபத்தில் இப்போது வாழை இலை மாதிரி அச்சடித்த பச்சைத் தாள் விரிக்கிறார்கள். இலை என்று நினைத்து ஒரு மாமா அதை மடித்ததை நான் பார்த்தேன்.

சரி, என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு வருகிறேன். கமிட்டியில் மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். சத்தமும் வந்தது. மறைக்கவில்லை.

வருகிற ரமலான் முதல் நோன்பிலிருந்து கவர் கிடையாது. வீட்டிலிருந்து தூக்கோ மூடியுள்ள பாத்திரமோ கொண்டு வர வேண்டும். மறந்து வருகிறவருக்கு டிரஸ்ட் முத்திரை பொறித்த எவர்சில்வர் தூக்கு இருக்கும். இருநூறு வாங்குகிறோம். நூறு ரூபாய் முன்பணம், தூக்கு திரும்பியதும் பணமும் திரும்பும். ரசீது எதுவும் வேண்டாம், தூக்குதான் ரசீது.

முன்பணம் என்ற உடனே ஒரு பெரியவர் எழுந்து, "கஞ்சிக்குக் காசு வாங்குகிற நிலைமைக்கு நம் பள்ளிவாசல் வந்துவிட்டதா?" என்று கேட்டார். எனக்கு உறுத்தியது. ஹஜ்ரத்திடம் போனேன். கஞ்சிக்கு விலை இல்லை, பாத்திரத்துக்கு ஈடாக வாங்கும் பணம் நம்மிடம் அமானத், எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார்கள். அமானத் என்பதால் அந்தப் பணத்தை நான் வேறு செலவுக்குத் தொடக்கூடாது. தூக்கு திரும்பாவிட்டால், அடுத்த ரமலான் வரை அந்தத் தொகை தனிக் கணக்கில் இருக்கும், நோட்டீஸ் போர்டில் எண்ணிக்கை எழுதுவோம். அதன் பிறகு என்ன செய்வது என்பதைக் கமிட்டி ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யும். பொருளாளர் இதற்கு ஒரு தனி நோட்டு கேட்டிருக்கிறார், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நூறு ரூபாய் இல்லாதவர்? இந்தக் கேள்வியைக் கேட்டது பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சகோதரி. நாங்கள் ஆண்கள் யாரும் யோசிக்கவில்லை. தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒரு நாள் நூறு ரூபாயை முடக்குவது பெரிது, அதைச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படுவார்கள், கடைசியில் கஞ்சி வாங்காமலே இருந்துவிடுவார்கள். குப்பையைக் குறைக்கப் போய் ஏழையை விரட்டுவதற்கு இந்த டிரஸ்ட் எதற்கு? எனவே ஜகாத் பட்டியலில் இருக்கும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும், பெருநாள் சாமான்களோடு சேர்த்து அல்ல, ரமலானுக்கு முன்பே, ஒரு தூக்கு வீட்டுக்கே போய்விடும். சொந்தமாக. அதில் முத்திரை இருக்காது. தூக்கைப் பார்த்து யார் பட்டியலில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாது.

ஆட்டோக்காரர், ஹாஸ்டல் மாணவர்கள், வழிப்போக்கர், நம் மதம் சாராத அக்கம்பக்கத்தார் யார் வந்தாலும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் கஞ்சி. அங்கேயே குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்து தண்ணீர். 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியதை நாம் மறக்கவில்லை. கிண்ணமும் தூக்கும் கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நியாயமான கேள்விதான். மூன்று தொட்டி வைக்கிறோம், முதலில் மிச்சம் அலசுவது, அடுத்தது சோப்பு, கடைசியில் வெந்நீர். கஞ்சிக் கொப்பரை இறக்கிய அடுப்பின் சூட்டிலேயே அந்த வெந்நீர் கிடைத்துவிடும். கழுவுவதற்கு இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் போட்டிருக்கிறோம். அந்தச் செலவையும் தூக்கு வாங்கும் செலவையும் சேர்த்தால் முதல் வருடம் கவர் பில்லைவிடக் கூடுதல்தான். குறைவு என்று பொய் சொல்ல மாட்டேன். தூக்குகள் இரண்டாம் மூன்றாம் ரமலானுக்கும் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

குர்பானிக் கறி பற்றியும் கேட்டார்கள். கறுப்புக் கவரில் ரத்தம் சொட்டச் சொட்டக் கொடுக்கிறோம். இந்தோனேசியாவில் பல பள்ளிவாசல்கள் பெசெக் என்ற மூங்கில் பெட்டியில் இலை வைத்துக் கறி கொடுக்கின்றன. ஜகார்த்தா நிர்வாகமே 2019இல் அதை ஊக்குவித்தது. நமக்குப் பனை ஓலைப் பெட்டி இருக்கிறது, ஆனால் அவ்வளவு எண்ணிக்கையில் நேரத்துக்குக் கிடைக்குமா என்று விசாரித்து வருகிறோம். பங்கு வாங்குகிறவர்கள் பாத்திரம் கொண்டுவரலாம் என்று டோக்கனிலேயே அச்சடிப்போம். அதை ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

நம் தெருப் பிரியாணிக் கடைக்காரர்களிடமும் பேசினேன். அவர்கள் சொல்வதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நூறு பேர் நிற்கும்போது ஆளுக்கொரு அளவில் பாத்திரம் நீட்டினால், பெரிய பாத்திரத்தில் பிரியாணி குறைவாகத் தெரியும், "என்ன பாய், பாதிதான் இருக்கு" என்று சண்டை வரும். சிலர் ஈரப் பாத்திரம் கொண்டுவருவார்கள், சாயங்காலம் கெட்டுவிட்டது என்று கடையைக் குறை சொல்வார்கள். ஆன்லைன் ஆர்டருக்குப் பாத்திரமே நடக்காது, சீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். எல்லாம் உண்மை. தராசில் எடை போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சொந்தப் பாத்திரம் கொண்டுவருகிறவருக்குத் தனி வரிசையும், ஒரு முட்டை கூடுதலும் தருகிறேன் என்றார். அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆன்லைனில் ஒரு சிறிய மாற்றம் நடந்திருப்பதைக் கவனித்தீர்களா? 2021இல் சொமேட்டோ, ஸ்பூன் வேண்டும் என்று நாமே குறித்தால்தான் வரும் என்று மாற்றியது. முன்பு வேண்டாம் என்று சொன்னால்தான் வராது. அந்த ஒரு குறியில் கோடிக்கணக்கானவர் பழக்கம் மாறும். பிள்ளைகளே, ஆர்டர் போடும் போனை வைத்திருப்பது நீங்கள்தான். அந்தக் குறியைப் போடாதீர்கள்.

கவர், கப் வியாபாரம் செய்கிறவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு அவர்கள் மனம் வருந்தியிருக்கும். ஒருவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்: "நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள், தயாரிக்கிற ஃபேக்டரியை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கிறார்கள்." அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. தள்ளுவண்டிக்காரரிடம் அபராதம் வாங்குவது சுலபம். தடை செய்த பொருள் எந்த மாநிலத்தில் தயாராகி எந்த லாரியில் வருகிறது என்று பிடிப்பது கஷ்டம். நம் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கும் மனுவில் இதை முதலில் எழுதியிருக்கிறோம். இரண்டாவதாக, மாநகராட்சிச் சமூக நலக்கூடங்களில் எவர்சில்வர் தட்டு, டம்ளர் வைத்து வாடகைக்குக் கொடுக்க வேண்டும், கழுவுகிற வேலையை மகளிர் குழுக்களுக்குத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று தொடங்கியது, கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை வரும் இயந்திரம் வைத்தார்கள். பைக்குச் செய்ததைப் பார்சல் பாத்திரத்துக்கும் செய்ய முடியும். ஒரே அளவுப் பாத்திரம், ஒரு வட்டாரத்தில் எந்தக் கடையிலும் திருப்பலாம் என்று ஏதாவது ஒரு வார்டில் தொடங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதற்கு நம் தெருவைத் தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறோம். அந்த வரியைச் சேர்க்கும் முன் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினோம்.

கவர் வியாபாரிச் சகோதரருக்கு ஒன்று சொன்னேன். இருநூறு தூக்கும் நூறு கிண்ணமும் மொத்தமாக வாங்க வேண்டும், விலை விசாரித்துக் கொடுங்கள் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நேற்று மூன்று கடை விலைப்பட்டியலோடு வந்தார்.

வேலைக்கு ஆள் வேண்டும். அஸர் முதல் மஃரிப் வரை தூக்கு கொடுத்து வாங்க, எண்ணி எழுத, தினம் நான்கு பிள்ளைகள். மேல்நிலை வகுப்பு மாணவிகள் பெண்கள் வரிசைக்கு வந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் ஆபீஸ் வாசலில் நோட்டு இருக்கிறது, பெயர் எழுதுங்கள். வீட்டில் பழைய தூக்கு மூடி இல்லாமல் கிடந்தால் கொண்டு வாருங்கள். பாத்திரக் கடையில் மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது, டிரஸ்ட் செலவில் போட்டுத் தருகிறோம்.

முதல் நோன்பு அன்று எவ்வளவு குழப்பம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வரிசை நீளும், என்னைத் திட்டுவீர்கள். நான் அங்கேதான் நிற்பேன். தெருமுனை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், இந்த வருடம் வந்து பாருங்கள் என்று. அவருக்கும் ஒரு தூக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.